கடைசிக் குதிரைக்கு ஒரு மாலை

குதிரை தலையைத் தாழ்த்தியது. அதை வணக்கம் என்று நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

மெல்பனின் புறநகரான கிரான்பர்னில், போர் நினைவுநாளன்று நினைவுத்தூணுக்கு முன்னால், ஏப்ரல் மாதத்து இளவெயிலில், எங்கள் தமிழ் மூத்தோர் சங்கத் தலைவர் சிவபாலன் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்று, ஒரு செம்பழுப்புக் குதிரையின் கழுத்தில் மாலை போட்டார். சிவப்பு மாலை. இடையிடையே பச்சை இலை வைத்து நெருக்கிக் கட்டியது. குதிரையின் முதுகில் சேணம் இருந்தது, ஆள் இல்லை. இரண்டு பக்கமும் தொங்கிய மிதிவளையங்களில் ஒரு சோடிப் பழைய சப்பாத்துகள் பின்பக்கம் பார்த்தபடி செருகப்பட்டிருந்தன. இறந்த குதிரைவீரனுக்குச் செய்யும் மரியாதை அது. ஏறிப் போனவன் திரும்ப வரவில்லை. கடைசியாக ஒருமுறை தன் ஆட்களைத் திரும்பிப் பார்க்கிறான் என்று பொருள் சொல்வார்கள்.

மாலை விழுந்ததும் எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள்.

அந்த நிகழ்வில் யாரும் கைதட்டுவதில்லை. நகரசபையிலிருந்து வந்திருந்த பெண் தன் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன உடுத்து வரவேண்டும், எங்கே நிற்கவேண்டும், தொப்பியை எப்போது கழற்றவேண்டும் என்றெல்லாம் சங்கத்தவர்களுக்கு விளக்கக் குறிப்பு அனுப்பியவன் நான். கைதட்டக்கூடாது என்று எழுதத் தோன்றவில்லை. அன்றைய வெட்கங்களில் அது ஆகச் சிறியது.

சென்ற வாரம் இந்தத் தொடரில் வாசகர்களை ஒரு செம்மறியாட்டுக் கப்பல் கதையின் நடுவில் விட்டுவிட்டு வந்தேன். அவர்கள் இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும். இந்த வருடமும் சங்கத்துக்கு நினைவுநாள் அழைப்பு வந்திருக்கிறது. வழக்கம்போல என்னைத்தான் பதில் எழுதச் சொல்கிறார்கள். அதை எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இதை எழுதுகிறேன்.

திரும்பி வராதவை

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் ஒரு மிருக வைத்தியர். ஊர் வழக்கில் மாட்டு டொக்டர். வன்னியில் சில காலம் பசுக்களின் பின்பக்கத்தில் கையை விட்டுச் சம்பாதித்தேன். பிறகு மெல்பனுக்கு வந்து, வெளிநாட்டிலிருந்து வரும் விலங்குகளை உள்ளே விடுவதா இல்லையா என்று தீர்மானிக்கும் அரசாங்கப் பிரிவில் ஓய்வுபெறும் வரை இருந்தேன். பெரும்பாலும் இல்லை என்றே தீர்மானிப்போம். கூடாது என்ற ஒரு சொல்லை எத்தனை பந்திகளில் மரியாதையாகச் சொல்லலாம் என்பதுதான் என் வாழ்நாள் கலை.

அந்தக் கலையை நான் ஹெலனிடமும் காட்டினேன்.

குதிரை ஹெலனுடையது. பெயர் டஸ்டி. பழைய குதிரைப்படையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு நினைவுநாளில் ஊர்வலம் போகும் ஒரு சிறு குழுவுக்கு அவர்தான் தலைவி. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒரு காலத்தில் அந்தக் குழுவில் நிறையக் குதிரைகள் இருந்தனவாம். புல்வெளிகளை விற்று வீடு கட்டினார்கள். ஏறினவர்களுக்கு இடுப்பெலும்பு மாற்றினார்கள். கடைசியில் மிஞ்சியது டஸ்டி ஒன்றுதான். மற்றவர்கள் தொப்பியில் ஈமு இறகைச் செருகிக்கொண்டு நடந்தே வருவார்கள்.

சங்கத்துக்கு முதன்முதலாக அழைப்பு வந்த புதிதில் ஹெலன் எங்கள் மண்டபத்துக்கு வந்து, இந்தக் குதிரைப்படை என்றால் என்ன என்று கதைத்தார். முதலாம் உலகப்போர். வானத்தில் விமானம் பறக்கத் தொடங்கிவிட்டது, நிலத்தில் யந்திரத் துப்பாக்கி வந்துவிட்டது. அந்தக் காலத்தில் இந்த ஊர்ப் பையன்கள் இந்த ஊர்க் குதிரைகளில் ஏறிப் பாலைவனத்தில் சண்டைக்குப் போனார்கள். வாள்கூட இல்லாமல், துப்பாக்கி முனையில் பூட்டும் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு பதுங்குகுழிகளுக்கு மேலாகப் பாய்ந்தார்கள். அப்படிப் பாயும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்று அவர்களுக்கு அப்போது தெரியாது.

சண்டை முடிந்தது. பையன்களில் மிஞ்சியவர்கள் கப்பலேறினார்கள். குதிரைகள் ஏறவில்லை.

ஹெலனின் தாத்தா அவர்களில் ஒருவர். ரோசி என்று ஒரு பெட்டைக் குதிரை வைத்திருந்தார். கடைசியில் ரோசி என்னவானாள் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளைகள் கேட்டால் எழுந்துபோய், ஏற்கெனவே சாத்தியிருக்கும் கோழிக்கூட்டுக் கதவை இன்னொரு தடவை சாத்திவிட்டு வருவாராம்.

இந்த இடத்தில் ஹெலன் நிறுத்தினார். நான் எழும்பினேன்.

விளக்கினேன். கப்பல் தட்டுப்பாடு. செலவு. இந்த நாட்டில் இல்லாத குதிரை நோய்கள் அந்தப் பாலைவனத்தில் இருந்தன. ஒரு குதிரை அதைக் கொண்டுவந்தாலும் போதும், இங்கே பரவிவிடும். ஆகவே மிருக வைத்தியர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். இளசும் திடகாத்திரமும் இந்தியக் குதிரைப்படைக்குப் போயின. கிழடும் நொண்டியும் சுடப்பட்டன. சுடுவதற்கு முன் லாடத்தைக் கழற்றி, பிடரியையும் வாலையும் கத்தரித்து எடுத்தார்கள், ஏனென்றால் இரும்பும் மயிரும் அரசாங்கச் சொத்து. ஒரு தளபதியின் குதிரை மட்டும் திரும்பி வந்தது என்பார்கள், அது விதிவிலக்கு. நடைமுறை என்ற அளவில் எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது, நான் அங்கே இருந்திருந்தாலும் அப்படியே செய்திருப்பேன் என்று சொல்லி அமர்ந்தேன்.

சங்கத்தவர்கள் பெருமையாக என்னைப் பார்த்தார்கள். ஹெலன் "அப்படியா" என்றார். இந்த நாட்டவர்கள் மெதுவாக அப்படியா என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

ஒரு பக்கக் கதை. அந்தப் போருக்கு வெகு காலம் முன்பே இந்த நாட்டிலிருந்து குதிரைகளைச் சென்னைக்குக் கப்பலில் கொண்டுபோய் விற்றார்கள். துறைமுகம் சரியாக இல்லாத நாட்களில் கடலில் இறக்கி நீந்தவிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். அலையிலிருந்து நடுங்கிக்கொண்டு கரையேறிய குதிரையைக் கயிறு போட்டுப் பிடித்தவர்கள் நம் ஆட்கள்தான். இந்தக் குதிரைக்கும் தமிழனுக்கும் பழக்கம் அங்கே தொடங்கியது. அவற்றுக்கும் யாராவது மாலை போட்டார்களா என்று தெரியவில்லை. போட்டிருப்போம்.

ஒரு கழுத்து தேடினோம்

ஏனென்றால், எங்களால் மாலை போடாமல் இருக்க முடியாது. வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நூல் வெளியீடு என்றால் மாலை, நடன அரங்கேற்றம் என்றால் மாலை, வங்கி முகாமையாளர் வழிதவறி மண்டபத்துக்குள் வந்தாலும் மாலை.

நினைவுநாளில் மலர்வளையம் வைப்பதுதான் முறை. அதைச் சொன்னேன். சிவபாலன் கேட்கவில்லை. அவர் கொழும்பில் பெரிய கம்பனியில் கணக்காளராக இருந்தவர். எதிலும் தனித்துத் தெரியவேண்டும் என்பார்.

"வளையம் எல்லாரும் வைப்பினம். நாங்கள் எங்கட முறையில செய்வம்," என்றார்.

எங்கள் முறை என்றால் கழுத்து வேண்டும். நகரபிதாவுக்குப் போடலாமா? அது அவருடைய நாள் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினருக்கு? இரண்டு கட்சியிலிருந்தும் வருகிறார்கள், ஒருவருக்குப் போட்டால் மற்றவர் முகம் கறுக்கும். கூட்டம் வெகுநேரம் இழுபட்டது. கடைசியில் சிவபாலனே சொன்னார்:

"குதிரைக்குப் போடுவம். அது ஒரு கட்சியுமில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யோசித்துப் பார்த்தார்கள். ஆளில்லாத சேணம், செத்த பிள்ளைகளுக்குப் போட்ட மாதிரித்தானே என்று ஒருவர் சொன்னார். எங்கள் சங்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். எந்தச் சண்டை என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

"கடியாதோ?" என்று ஒரு குரல் கேட்டது. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின.

நூல்

நான் பொறுப்பேற்றேன். நான் பொறுப்பேற்றால் முறையாகத்தான் நடக்கும்.

ஹெலனின் புல்வெளிக்குப் போனேன். டஸ்டியின் கழுத்தைச் சுற்றி அளவுநாடா பிடித்தேன். அது என் காதை முகர்ந்து பார்த்து, தும்மி, என் கண்ணாடியை நனைத்தது. ஹெலன் முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். நகரசபைக்கு நிபந்தனைகளை எழுதினேன். மாலை காதுக்கு மேலாக வழுக்கக்கூடாது. கம்பி ஆகாது. சரிகை ஆகாது, மின்னினால் மிரளும். முக்கியமாக, நூல். எதிலாவது சிக்கினால் குதிரை வெருண்டு இழுக்கும். அப்போது நூல் உடனே அறவேண்டும். ஆகவே பருத்தி நூல், அதுவும் ஒற்றை.

மாலை கட்டியவர் ராசமலர். கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் மாலை கொடுப்பவர். மகளோடு இருக்கிறார். ஆங்கிலம் அவ்வளவாக வராது. நைலோன் நூலில் கட்டத் தொடங்கியிருந்தார். நான் போய் அதைப் பிரிக்கச் செய்தேன்.

"ஒரு மாலைக்கு இவ்வளவு சட்டமோ, டொக்டர்?"

"மாலைக்கில்லை, பிள்ளை. குதிரைக்கு."

நிகழ்வுக்கு முதல்நாள் பின்னேரம் திரும்பவும் போய்ப் பார்த்தேன். கார் நிறுத்தும் அறையில் மாலைக்கு ஈரத்துணி போர்த்தி, கொடியில் தொங்கவிட்டிருந்தார். சண்டையில் செத்தவர்களுக்கு இங்கே சிவப்புப் பூ வைப்பார்களாம், மகள் சொன்னாளாம். அந்தப் பூ எங்கும் கிடைக்கவில்லை, கடைப் பூவில் வாசமும் இல்லை, கடைசியில் பார்த்தால் வீட்டு வேலியிலேயே சிவப்புப் பூ நிற்கிறது என்று சந்தோசமாகச் சொன்னார். நான் நூலின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். டக்கென்று அறுந்தது. திருப்தியாக இருந்தது.

"வடிவாக் கட்டியிருக்கிறியள்," என்றேன். அறுந்த இடத்தை அவர் முடிச்சுப்போட்டு எடுத்தார்.

மண்டபத்தில்

ஊர்வலம் முடிந்தது. ஹெலன் மாலையைக் கழற்றிக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். இதை நிலத்தில் வைக்க மனம் வரவில்லை என்றார். குதிரை ஏற்றும் வண்டிக்குள், வைக்கோல் வலைக்குப் பக்கத்தில் தொங்கவிடப் போகிறேன், வீடு போகும் வரை டஸ்டி அதைப் பார்த்துக்கொண்டே வரட்டும் என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஓடிப்போய்ச் சிவபாலனிடம் சொன்னேன். அவருக்கும் குளிர்ந்தது.

பிறகு மண்டபத்தில் எண்ணெயில் பொரித்த பற்றிஸும் தேநீரும். படங்களை ஏற்கெனவே அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். கனடாவிலிருந்து சிவபாலனின் தம்பி அழைத்து வாழ்த்தினார். நான் இரண்டாவது பற்றிஸைக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து மேசையில் ராசமலர் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"வேலி மொட்டையாப் போச்சு. மகள் வந்து பாத்தால் கத்தப்போறாள்."

"என்ன பூ அது?" என்று ஒருவர் கேட்டார்.

"செவ்வலரி. இலையும் அதிலதான் வச்சனான். இஞ்ச மருக்கொழுந்துக்கு எங்க போறது?"

அலரி. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அரளி.

மஞ்சள் அலரியின் கொட்டையைப் பற்றி யாழ்ப்பாணத்தில் யாராவது பேச்செடுத்தால் வீட்டில் ஒரு கணம் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். ஆட்டையும் மாட்டையும் எந்த அலரியின் பக்கமும் விடமாட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளப் பல்கலைக்கழகம் போகத் தேவையில்லை. நான் அதற்காகப் பல்கலைக்கழகமும் போனேன். நச்சுத் தாவரங்களைப் பற்றி இந்த நாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு வகுப்பு எடுத்தேன். அதில் அலரிக்கென்று தனியாக ஒரு படம் காட்டுவேன். பச்சை இலையைக் குதிரை கசப்பென்று விட்டுவிடும், வாடிய இலை வைக்கோலோடு கலந்தால்தான் ஆபத்து, கையளவு இலை போதும் என்று சொல்லிக்கொடுப்பேன்.

அந்த மாலை என் மூக்குக்கு முன்னால் தொங்கியது. எனக்கு அது மாலையாகத்தான் தெரிந்தது. சாமி கழுத்தில் தினமும் கிடக்கிற பூ. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் காலையில் அதைப் பார்த்தவர்கள். அத்தனை பேருக்கும் அலரி தெரியும். நாரில் கோத்துவிட்டால் எங்களுக்கு அது நஞ்சாகத் தெரிவதில்லை.

சிவபாலனை மூலைக்குக் கூட்டிப்போனேன். சொன்னேன். அவர் முகம் வெளிறியது. ஆனாலும் கணக்காளர்.

"வடிவாத் தெரியுமோ? குதிரை திண்டதெண்டு நாங்கள் காணேல்லைத்தானே."

"பக்கத்தில தொங்குது. வைக்கோலோட."

"தின்னாட்டி? நாங்களே போய்ச் சொல்லி ஏன் நாறுவான்? முதல்முதல் கூப்பிட்டவை, டொக்டர். இனிக் கூப்பிடுவினமே?"

அவரை மட்டும் குறை சொல்லி எழுதிவிடலாம். ஆனால் அந்த நேரத்தில் என் தலைக்குள்ளும் வாக்கியங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. 'முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக' என்று ஒன்று. 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று ஒன்று. நகரசபைக்கூடாகத் தெரிவிப்பதா நேரடியாகவா என்று ஒரு சின்ன வழக்கே நடந்தது. அதன் பிறகுதான் ஹெலனை அழைத்தேன். அவர் எடுக்கவில்லை. குரல்பதிவில், பதறவேண்டியதில்லை, நேரம் கிடைக்கும்போது மாலையைக் குதிரைக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். நேரம் கிடைக்கும்போது.

"என்ன குசுகுசுக்கிறியள்?" ராசமலர் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார்.

சிவபாலன் கண்ணால் வேண்டாம் என்றார். நான் சொல்லிவிட்டேன். ராசமலர் கோப்பையைக் கதிரையில் வைத்தார். அது சாய்ந்து ஊற்றுப்பட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"வாங்கோ, போவம்," என்றார். "காரை எடுங்கோ."

புல்வெளி

ஹெலனின் இடம் ஊருக்கு வெளியே இருந்ததாம் ஒரு காலத்தில். இப்போது மூன்று பக்கமும் ஒரே மாதிரிச் சாம்பல்நிறக் கூரைகள், நடுவில் ஒரு துண்டுப் புல். சிவபாலனும் எங்களோடு காரில் ஏறிக்கொண்டார். சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் ராசமலர் முருகா என்றார்.

குதிரை ஏற்றும் வண்டியின் பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். வைக்கோல் வலை பாதி காலி. கொக்கியில் ஒரு பருத்தி நூல் தொங்கியது, அதில் இரண்டு மூன்று வாடிய பூ. நான் எழுதிக்கொடுத்தபடியே நூல் சுலபமாக அறுந்திருந்தது.

டஸ்டி வேலியோரம் நின்றது. வியர்வையில் தோல் கறுத்துப் போயிருந்தது. முன்காலால் மண்ணைப் பிறாண்டியது, வயிற்றைத் திரும்பிப் பார்த்தது, மறுபடி பிறாண்டியது. ஹெலன் இன்னும் படை உடுப்போடுதான் இருந்தார். வயிற்றுக்குத்து என்று நினைக்கிறேன், அலைச்சலாக இருக்கும், வைத்தியரை வரச் சொல்லிவிட்டேன், நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

சொன்னேன். இந்த முறை ஒரே வாக்கியம்.

ஹெலன் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை.

"நீங்கள்தானே போய்ப் பார்த்தீர்கள்?" என்றார். "பார்த்துச் சரி என்று எழுதியது நீங்கள்தானே?"

"நூலைப் பார்த்தேன்," என்றேன்.

அவர் குதிரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வைத்தியர் வந்தார். என் மகளைவிட இளையவர். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். நான் கேட்காமலேயே அறிவேன் அந்தத் துடிப்பு எப்படி இருக்கும் என்று: நாலு அடி ஓடும், நிற்கும், தடுக்கும், ஓடும். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, நஞ்சை உறிஞ்சும் கரியைத் தண்ணீரில் கரைத்து வயிற்றுக்குள் ஊற்றினார். சிவபாலன் கோட்டைக் கழற்றாமலே வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். அவருடைய கழுத்துப்பட்டியில் கரி தெறித்தது. எப்போது தின்றிருக்கும், இலையா பூவா, எவ்வளவு என்று வைத்தியர் கேட்டதற்கெல்லாம் நான் விடை சொன்னேன்.

"இதைப் பற்றி உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறதே," என்றார் அவர்.

"நானும் மிருக வைத்தியர்தான். ஓய்வுபெற்றுவிட்டேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு வேலையைத் தொடர்ந்தார்.

பின்னேரம் கரைந்துகொண்டிருந்தது. ஒருமுறை குதிரை முழங்காலில் விழுந்து மறுபடி எழும்பியது. அந்த நேரத்தில் ராசமலர் என் பக்கத்தில் வந்தார்.

"நான்தான் கட்டினனான் எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ, டொக்டர்."

"ஏன் இப்ப அதை?" என்றார் சிவபாலன். "சங்கம் எண்டே இருக்கட்டும்."

"சொல்லுங்கோ."

மொழிபெயர்த்தேன். ஹெலன் ராசமலரின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"என் குதிரைக்கு அப்படி அழகாக யாரும் எதுவும் செய்ததில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்."

அதையும் மொழிபெயர்த்தேன். ராசமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பிவிட்டார். ஹெலன் திட்டியிருந்தால் இந்த மனிசி நிமிர்ந்து நின்றிருப்பார்.

கயிறு

வெயில் கூரைகளுக்குப் பின்னால் இறங்கியபோது வைத்தியர் ஹெலனைத் தனியே அழைத்துக் கதைத்தார். அவர் என்ன சொல்கிறார் என்று தூரத்திலிருந்தே எனக்குத் தெரியும். அதே இடைவெளி விட்டு, அதே தணிந்த குரலில் நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இதயம் தாங்காது. இரவு முழுக்க இழுக்க விடலாம், அல்லது இப்போதே.

ஹெலன் சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் போட்டார். வந்து தொப்பியைக் கழற்றி வேலிக்கம்பத்தில் மாட்டினார்.

யாராவது கயிற்றைப் பிடிக்கவேண்டும் என்றார் வைத்தியர். ஊசி போடும்போது குதிரைக்குத் தெரிந்த ஒருவர் தலைமாட்டில் நின்றால் நல்லது.

ஹெலன் கயிற்றைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியில் போய் அமர்ந்துவிட்டார்.

"தாத்தா இதை எப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை," என்றார். "அவருடையதற்கு நோய்கூட இல்லை."

சிவபாலன் என்னைப் பார்த்தார். ராசமலர் என்னைப் பார்த்தார். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது என் பதிவு காலாவதியாகிவிட்டது என்பதும், பதிவில்லாதவன் சிகிச்சையில் உதவினால் காப்புறுதி செல்லாது என்பதும்தான். வாய்வரைக்கும் வந்தது. விழுங்கினேன். போய்க் கயிற்றை வாங்கினேன்.

முறை எனக்குத் தெரியும். தலைக்குப் பக்கவாட்டில் நிற்கவேண்டும், நேர் முன்னால் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது. கால் தளரும் கணத்தில் பின்வாங்கவேண்டும். டஸ்டி என் சட்டையை முகர்ந்தது. பற்றிஸ் வாசமாக இருந்திருக்கும். பிறகு நெற்றியை என் நெஞ்சில் வைத்து, முழுப் பாரத்தையும் என் மேல் சாய்த்தது. நான் யாரென்று அதற்குத் தெரியாது. தான் தும்மிக் கண்ணாடியை நனைத்த ஆள் என்று வேண்டுமானால் தெரிந்திருக்கலாம். அதன் மூச்சு சட்டைக்கூடாகச் சூடாக வந்தது. நான் நேர் முன்னால் நின்றேன்.

வைத்தியர் ஊசியைப் போட்டுத் தலையசைத்தார். பின்வாங்க மறந்துவிட்டேன். பின்னாலிருந்து ராசமலர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இல்லாவிட்டால் அது என் மேல்தான் விழுந்திருக்கும்.

புழுதி அடங்கியது. வைத்தியர் குனிந்து கேட்டார், முடிந்தது என்றார். பக்கத்து வீட்டுப் பின்வளவில் யாரோ இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டது. ஹெலன் எழுந்து வந்தார். முகம் கழுவின மாதிரி இருந்தது. என் கையிலிருந்த கயிற்றை வாங்கி, ஒழுங்காக வளையம் வளையமாகச் சுற்றினார். சுற்றி முடித்து என்னைப் பார்த்தார்.

"நன்றி," என்றார். "பிடித்ததற்கு."

இந்த நாட்டில் ஒருவர் நன்றி சொன்னால் உடனே திருப்பிச் சொல்லும் வார்த்தை ஒன்று இருக்கிறது. கடையில், பஸ்ஸில், லிஃப்டில், கதவைப் பிடித்துவிட்ட இடத்தில், நாளுக்குப் பல தடவை சொல்வது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று பொருள். இத்தனை வருடத்தில் அது நாக்கிலேயே ஊறிவிட்டது. நான் நினைக்காமலே வரும்.

"நோ வொறீஸ்," என்றேன்.

சிவபாலன்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.